தேரிக்காட்டுல ஒரு நடை!

கரையான்சாவடி சிக்னல்ல புகை குடிச்சே வளர்ந்த நம்ம செட்டுகிட்ட, 'மணல்மேட்டுக்குள்ள காடு இருக்கு'ன்னா நம்புவாங்களா?

எழும்பூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறுங்க. திருச்செந்தூர் பக்கத்திலேயே குதிரைமொழித் தேரி. காத்து குவிச்ச மணல்; இரும்பு ஆக்சைடால செக்கச்செவேல்! மணல் பறக்காம இருக்க நட்டு வளர்த்த முந்திரி, உடைமரம், நடுநடுவே பனை.

ஒரு அடி ஏறினா அரை அடி சறுக்கும். திரும்பிப் பார்த்தா காலடித் தடத்தைக் காத்து அழிச்சிருக்கும். உள்ளூர் ஆள் துணையில்லாம போய் ஹீரோயிசம் காட்டாதீங்க பாஸ்! வெயில் ஏறுறதுக்குள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனைக்கு வந்துடணும். மணல்காட்டுல தண்ணி! மழையை உறிஞ்சி வெச்சிருக்கறது இதே மணல்தான்.

இதுல டைட்டானியம் தாதுவும் உண்டு. அதுக்காக வந்த டாடா திட்டம், மக்கள் எதிர்ப்பால 2007-ல நிறுத்தி வைக்கப்பட்டது. சுனைத் தண்ணியில முகம் கழுவினப்பதான் அந்தக் கோபம் புரிஞ்சது.

வீட்டுக்கு வந்தும் ஷூவுல செம்மண் கொட்டுது. அம்மாகிட்ட திட்டு தனி!