மீட்பவரின் மனக்காயம்

வீடு தீப்பற்றி எரியும்போது உள்ளிருப்பவர்கள் வெளியே ஓடுகின்றனர். தீயணைப்பு வீரரோ உள்ளே நுழைகிறார். அவர் உடலைக் காக்கத் தலைக்கவசமும் மூச்சுக்கருவியும் உள்ளன. மனத்தைக் காக்க என்ன உள்ளது?

ஆபத்தை எதிர்கொள்ளும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அந்நேரத்துப் பணிக்கு இது உதவுகிறது. ஆனால் இதே ஹார்மோன், கண்ட காட்சிகளை நினைவில் ஆழமாகப் பதியவும் செய்கிறது. ஆகவேதான் பணி முடிந்த பின்னும் அவை கனவில் வருகின்றன. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தானே தணியும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் ஆகலாம். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று வெடிகுண்டால் தகர்க்கப்பட்டு 168 பேர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்ததில், மீட்புப் பணி செய்த ஆண்களில் நூற்றுக்கு 13 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. வெடிப்பில் சிக்கிய ஆண்களிடம் இது நூற்றுக்கு 23. பயிற்சி ஓரளவு காக்கிறது போலும், முற்றிலும் காப்பதில்லை.

இதற்கு ஒரு வழியை 1983இல் அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் எழுதினார். கோர நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள் பணியாளர்களை ஒன்றாக அமர்த்தி, கண்டதையும் உணர்ந்ததையும் சொல்லச் செய்வதே அம்முறை. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் அல்லவா? இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இதுபோன்ற பேச்சு பிறருக்கும் உதவுமா என்று பிரிட்டனில் சோதித்தனர். தீக்காயமுற்ற நோயாளிகளுள் ஒரு பகுதியினரிடம் மட்டும், விபத்தை விவரிக்கும்படி ஒருமுறை பேசினர். 1997இல் வெளியான முடிவு வியப்பளித்தது. 13 மாதங்களுக்குப் பின், பேசியவர்களுள் நூற்றுக்கு 26 பேருக்கு நோய் இருந்தது. பேசாதவர்களுள் 9 பேருக்கே இருந்தது. பேசியவர்களின் காயங்கள் முதலிலேயே சற்றுக் கடுமையானவை என்பதையும் கருத வேண்டும். எனினும் பலனுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆறத் தொடங்கும் புண்ணைக் கிளறுவது போல் இது ஆகிவிடலாம் என அறிஞர் ஐயுற்றனர். எல்லோருக்கும் வழக்கமாக இதைச் செய்ய வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுநெறி 2005இல் கூறியது.

அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம், வற்புறுத்தக் கூடாது. முதலில் தேவை ஓய்வு, உணவு, உறக்கம், ஆதரவான தோழர்கள். பிரிட்டனின் ராயல் மரீன் படையில் சக வீரர்களுக்கே பயிற்சியளித்து, நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்குப் பின் ஒருமுறையும், ஒரு மாதத்திற்குப் பின் மறுமுறையும் தோழரின் நிலையை விசாரிக்கச் செய்தனர். மருத்துவம் செய்வது அவர்கள் வேலையன்று. மருத்துவம் யாருக்குத் தேவை என்று கண்டறிவதே வேலை. நோய் முற்றியவருக்கு, தேர்ந்த மருத்துவரின் துணையுடன் பல வாரங்களில் அந்நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

கை முறிந்த வீரரை யாரும் கோழை என்பதில்லை. உறக்கம் இழந்தவரையும் அவ்வாறே கருத வேண்டும்.