கேட்காமல் வரும் விற்பனைக் கடிதம்: பண்பு எங்கே தொடங்குகிறது?

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் உருவாகும் முன்பே பட்டர்வொர்த், மாக் மண்டினில் தொழிற்பேட்டை இயங்கத் தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே பெரிய ஆலைகளுக்குப் பக்கத்திலேயே பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஓர் இரும்புப் பட்டறையில், பல்கலைக்கழக விடுமுறையின்போது மின்னஞ்சல்களைப் பார்த்துப் பதில் எழுதும் வேலை எனக்கு.

வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் நாங்கள் கேட்காமலே வருபவை. அதில் தவறில்லை. முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்காமல் எந்த வணிகமும் வளர்ந்ததில்லை. ஆனால், விலை விசாரிப்பதுபோல் வேடமிட்டு வரும் கடிதங்கள்தாம் தொல்லை. முதலாளி இரும்பின் விலை, இயந்திர நேரம், கூலி எல்லாம் கூட்டி, அரை நாள் செலவிட்டு விலைப்பட்டியல் அனுப்புவார். பதிலுக்கு, "உங்களுக்கு இணையத்தளம் செய்து தருகிறோம்" என்று விளம்பரம் வரும். இரண்டு முறை இப்படி ஏமாந்தபின், அறியாத பெயர்களை அவர் திறப்பதே இல்லை. உண்மையாகவே வேலை கொடுக்க வந்த ஒரு நிறுவனத்தின் கடிதமும் அந்தக் குவியலில் ஒரு வாரம் கிடந்தது. ஒருவரின் பொய் இன்னொருவரின் வாய்ப்பைக் கெடுக்கிறது.

இது புதிய தொல்லை அல்ல. 1978 மே மாதத்தில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். கண்டனங்கள் குவிந்தன. வேண்டாத மின்னஞ்சலின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. நம் சொந்த விவரங்களை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமையை அதன் 43ஆவது பிரிவு தருகிறது. எனினும் அது தனிமனிதருக்கான பாதுகாப்பு. பட்டறையின் பொது முகவரிக்குக் காவல் பெரும்பாலும் அனுப்புபவரின் பண்புதான்.

நாளை வேலைக்குப் போகும் நம்மில் பலர் இப்படிக் கடிதம் எழுதப் போகிறவர்களே. நான் கவனித்த சில:

விற்க வந்தால், விற்க வந்திருப்பதாக முதல் வரியிலேயே சொல்லுங்கள். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு எழுதுங்கள். இரும்புப் பட்டறைக்குச் சிகை அலங்காரப் பொருள் தேவைப்படாது. முழுப் பெயர், நிறுவனம், தொலைபேசி எண் மூன்றையும் தாருங்கள். பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டினால் போதும். விலை கேட்பதாக இருந்தால் அளவு, எண்ணிக்கை, தேவைப்படும் தேதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். உண்மையான வாடிக்கையாளர் என்பதற்கு அதுவே அடையாளம்.

பெறுபவருக்கும் ஒரு கடமை உண்டு. நேர்மையாக எழுதியவருக்கு, "இப்போது தேவையில்லை, நன்றி" என்று ஒரு வரி அனுப்பலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அவரும் வீணாகக் காத்திருக்காமல் அடுத்த கதவைத் தட்டுவார்.