வறண்ட மேய்ச்சல் நிலங்களுக்கான கொழுக்கட்டைப் புல்: இரக உருவாக்கமும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

வறண்ட நிலப் பகுதிகளின் கால்நடை வளர்ப்புக்கு அடிப்படையாக விளங்கும் பல்லாண்டுப் புல் வகைகளுள் கொழுக்கட்டைப் புல் முதன்மையானது. இப்புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை தருவதால், இதில் புதிய இரகத்தை உருவாக்குவது நெடுங்காலம் இயலாததாக இருந்தது. அத்தடை விலகிய முறையையும், புதிய இரகமொன்று மேய்ச்சல் நிலத்திற்குத் தகுதியானதா என்பதை மதிப்பிடும் படிநிலைகளையும், அம்மதிப்பீட்டில் விடுபடக் கூடாத கூறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொழுக்கட்டைப் புல், கருவுறா இனப்பெருக்கம், தீவனப் பயிர், கொறங்காடு, இரக மதிப்பீடு.

முன்னுரை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. கிளுவை வேலியால் சூழப்பட்டு, வெள்வேல மரங்கள் பரவலாக நிற்கும் இந்நிலங்களில் தரையை மூடி வளர்வது பெரும்பாலும் கொழுக்கட்டைப் புல்லே ஆகும். காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் இப்புல்லை நம்பியே வளர்க்கப்படுகின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் புல் கருகினால், உரிமையாளர் விலைக்குத் தீவனம் வாங்க வேண்டும். அதற்கு வழியற்றவர் மாட்டை விற்க வேண்டும். ஆகவே, வறட்சியைத் தாங்கிக் கூடுதல் தீவனம் தரும் புல் இரகம் என்பது வேளாண் அறிவியலின் தேவை மட்டுமன்று. சிறு கால்நடை வளர்ப்போரின் வாழ்வாதாரத் தேவையுமாகும்.

கொழுக்கட்டைப் புல்லின் இயல்புகள்

சென்க்ரஸ் சிலியாரிஸ் என்னும் அறிவியல் பெயருடைய இப்புல் ஆப்பிரிக்கா, மேற்காசியா, இந்தியா ஆகிய பகுதிகளுக்கு உரியது. வட இந்தியாவில் இது அஞ்சன் எனப்படுகிறது. ஆழமாக இறங்கும் வேர்த்தொகுதியும், மாவுப்பொருளைச் சேமித்து வைக்கும் பருத்த தண்டடியும் இதன் வறட்சித் தாங்கும் திறனுக்குக் காரணங்களாகும். மேற்பகுதி காய்ந்து போனாலும், மழை பெய்த சில நாள்களில் தண்டடியிலிருந்து புதிய துளிர்கள் எழுகின்றன. கால்நடைகள் கடித்த பின்னரும் இவ்வாறே மீள்கிறது.

இந்தியாவில் இப்புல் குறித்த ஆய்வுகளில் 1959ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் இயங்கும் ஜோத்பூர் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும், 1962இல் நிறுவப்பட்ட ஜான்சி இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும் குறிப்பிடத்தக்கவை. மார்வார் அஞ்சன், புந்தேல் அஞ்சன் ஆகியன முறையே அந்நிறுவனங்களின் இரகங்கள். தமிழ்நாட்டில் கோ 1 என்னும் நீலக் கொழுக்கட்டைப் புல் மானாவாரி மேய்ச்சல் நிலங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

இனக்கலப்புக்கு இருந்த தடை

நெல், சோளம் முதலிய பயிர்களில் புதிய இரகம் உருவாக்க விரும்புவோர், வேறுபட்ட நற்பண்புகளைக் கொண்ட இரு செடிகளைக் கலந்து, வழித்தோன்றல்களிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்தெடுப்பர். கொழுக்கட்டைப் புல்லில் இம்முறை பயன்படவில்லை. இதன் சூலில் குன்றல் பகுப்பின் வழித் தோன்றும் கருப்பை பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக, சூல்திசுவின் உடல் செல் ஒன்று குன்றல் பகுப்புக்கு உட்படாமலேயே கருப்பையாக வளர்கிறது. அதிலுள்ள அண்டம் ஆண் அணுவுடன் சேராமல் தானே கருவாகிறது. மகரந்தம் தேவைப்படுவது கருவூண் திசு உருவாவதற்கு மட்டுமே. இதுவே கருவுறா இனப்பெருக்கம் எனப்படுகிறது.

இதன் விளைவாக, விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் மரபு நகலாகவே அமைகிறது. எத்துணைச் சிறந்த மகரந்தத்தை இட்டாலும் அதன் பண்பு வழித்தோன்றலில் சேர்வதில்லை. எனவே, தொடக்கக் கால இரகங்கள் யாவும் இயற்கையில் கிடைத்த செடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, சிறந்ததைப் பெருக்கிய தேர்வுகளாகவே இருந்தன.

தடை விலகிய முறை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இப்புல்லை ஆய்ந்த பாஷாவும் உடனாய்வாளர்களும் 1954இல் இதன் கருவுறா இனப்பெருக்கத்திற்கான சான்றுகளை வெளியிட்டனர். பின்னர், பால்வழியில் விதை தரும் அரிய செடியொன்று கண்டறியப்பட்டது. அதன் வழித்தோன்றல்கள் ஒன்றுபோல் அமையாமல் பலவாறு வேறுபட்டிருந்ததே அதை அடையாளம் காட்டியது. இது குறித்த பாஷாவின் ஆய்வு 1962இல் வெளிவந்தது. 1966இல் தாலியஃபெரோவும் பாஷாவும் இப்பண்பு மரபுவழிக் கடத்தப்படும் முறையை விளக்கினர்.

இக்கண்டுபிடிப்பின் பயன் எளிய தருக்கத்தில் அமைந்தது. கருவுறா வகைச் செடியின் அண்டம் கலப்புக்கு உதவாதெனினும், அதன் மகரந்தம் இயல்பான குன்றல் பகுப்பின் வழியே உருவாகிறது. ஆகவே, பால்வழிச் செடியைத் தாயாகவும் கருவுறா வகைச் செடியைத் தந்தையாகவும் கொண்டு கலப்பு செய்யலாம். இப்புல்லில் சூல்முடி, மகரந்தப்பைகளுக்கு முன்னரே வெளிப்படுவதும் கலப்புக்கு உதவுகிறது. கலப்பில் தோன்றும் செடிகளுள் சில பால்வழியினவாகவும் சில கருவுறா வகையினவாகவும் இருக்கும். பால்வழிச் செடிகள் அடுத்தடுத்த கலப்புகளுக்குத் தாயாகின்றன. சிறந்த கருவுறா வகைச் செடி அப்போதே புதிய இரகத்திற்கான வித்தாகிறது. அதன் வீரியம் தலைமுறைதோறும் குறையாமல் நிலைபெறுகிறது. டெக்சாஸில் 1977இல் வெளியிடப்பட்ட நியூசஸ், லானோ ஆகிய இரகங்கள் இத்தகைய கலப்பின் பயன்களாகும்.

கால்நடை வளர்ப்போர் நோக்கில் இது பெரும் நன்மை. வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு ஆண்டுதோறும் புதிய விதை வாங்குதல் வேண்டும். கருவுறா வகைக் கொழுக்கட்டைப் புல்லிலோ, ஒருமுறை பெற்ற விதையிலிருந்து உழவர் தாமே விதை சேர்த்து அதே இரகத்தைத் தொடரலாம்.

மதிப்பீட்டின் படிநிலைகள்

முதற்படியில், தேர்ந்த செடி உண்மையில் கருவுறா வகையினதா என்பது உறுதி செய்யப்படுகிறது. அதன் விதைகளை முளைக்கச் செய்து, வழித்தோன்றல்கள் ஒரே தன்மையினவா என்று நோக்குவர். சூலை நுண்ணோக்கியில் ஆய்ந்து கருப்பையின் அமைப்பையும் காண்பர்.

இரண்டாம் படியில், புதிய தேர்வுகள் வழக்கிலுள்ள ஒப்பீட்டு இரகங்களுடன் சிறு பாத்திகளில் பயிரிடப்படுகின்றன. நிலத்தின் ஏற்றத்தாழ்வு முடிவைத் திரிக்காதிருக்க, வயல் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் இரகங்கள் எழுமாற்று முறையில் இடப்படுகின்றன. பசுந்தீவன எடையில் நீரின் பங்கு மாறிக்கொண்டே இருப்பதால், ஒப்பீட்டிற்கு உலர் எடையே ஏற்றது. நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கிக் கச்சாப் புரதம் கணக்கிடப்படுகிறது. புல் முற்ற முற்றப் புரதமும் செரிமானத் தன்மையும் குறைவதால், எல்லா இரகங்களையும் ஒத்த வளர்ச்சிப் பருவத்தில் அறுத்து ஒப்பிடுதல் வேண்டும்.

மூன்றாம் படி, பல இடங்களிலும் பல ஆண்டுகளிலும் நிகழும் ஆய்வாகும். இந்தியாவில் இதனை அகில இந்திய ஒருங்கிணைந்த தீவனப் பயிர் ஆராய்ச்சித் திட்டம் மேற்கொள்கிறது. பல்லாண்டுப் புல்லின் தகுதியை முதலாண்டு விளைச்சலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மூன்றாம் ஆண்டில் எத்தனை தூர்கள் உயிருடன் உள்ளன என்பதே அதன் நிலைபேற்றைக் காட்டும்.

சராசரி மறைக்கும் உண்மை

மதிப்பீட்டில் மிகுதியும் கவனிக்கப்பட வேண்டியது சராசரியின் வரம்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஓர் இரகம் நல்ல மழை ஆண்டில் எக்டேருக்கு 8 டன்னும் வறட்சி ஆண்டில் 2 டன்னும் உலர் தீவனம் தருகிறது. மற்றொன்று 6 டன்னும் 3.5 டன்னும் தருகிறது. சராசரியில் முதலாவது 5 டன்; இரண்டாவது 4.75 டன். அட்டவணையில் முதலாவதே வெல்லும். ஆயினும், நல்ல ஆண்டின் மிகைப் புல்லை உலர்த்திச் சேமிக்க வசதியற்ற ஒருவருக்கு அது பயன்படாமல் முற்றிவிடுகிறது. வறட்சி ஆண்டில் கூடுதலாகக் கிடைக்கும் 1.5 டன்னோ மாட்டை விற்காமல் காக்கக் கூடியது. எனவே, வறட்சி ஆண்டின் விளைச்சலைத் தனியே எடுத்துரைப்பதே வறண்ட நிலத்திற்கான முறையான மதிப்பீடாகும்.

அறுவடை ஆய்வும் மேய்ச்சலும் ஒன்றல்ல என்பதையும் கருத வேண்டும். அரிவாள் ஒரே உயரத்தில் அறுக்கும். ஆடு அடிவரை கடிக்கும், மாடு மிதிக்கும். ஆகவே, கால்நடைகளை விட்டு மேய்த்து, அவற்றின் எடைப் பெருக்கத்தையும் புல்லின் மீட்சியையும் அளக்கும் ஆய்வு இன்றியமையாதது. விதையும் அவ்வாறே. புதிதாக அறுத்த விதை சில மாதங்கள் உறக்க நிலையில் இருக்கும்; விதையைச் சுற்றியுள்ள மென்முட்கள் விதைப்பைக் கடினமாக்கும். விதை உற்பத்தி குறைந்த இரகம் எத்துணைச் சிறந்ததாயினும் உழவரைச் சென்றடையாது.

எச்சரிக்கைக் கூறுகள்

கருவுறா இரகத்தின் ஒருமைத்தன்மை நன்மை தருவது போலவே இடரும் தருவது. பரந்த நிலம் முழுவதும் ஒரே மரபு நகல் நிறைந்திருந்தால், அதைத் தாக்கும் நோய் முழு நிலத்தையும் தாக்கும். 1990களில் தென் டெக்சாஸில் பைரிகுலேரியா பூஞ்சையால் ஏற்பட்ட இலைக்கருகல் நோய் இதை உணர்த்தியது. பல இரகங்களைக் கலந்து விதைத்தலும், முயல்மசால் போன்ற பயறு வகைத் தீவனங்களுடன் சேர்த்து வளர்த்தலும் இவ்விடரைக் குறைக்கும்.

மற்றொன்று, பரவும் இயல்பு. தன் தாயகத்தில் தீவனமாகும் இப்புல், அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் தீப்பற்றும் தொடர்ச்சியான போர்வையாகி, தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளி போன்ற தாவரங்களுக்குக் கேடு விளைவிக்கிறது. அரிசோனா மாநிலம் 2005இல் இதனைத் தீங்குக் களையாக அறிவித்தது. வறட்சித் தாங்குதல், விரைவான மீட்சி, மிகுந்த விதை ஆகிய எப்பண்புகள் மேய்ச்சல் நிலத்தில் விரும்பப்படுகின்றனவோ, அப்பண்புகளே அயல் நிலத்தில் ஆக்கிரமிப்புக்கும் காரணமாகின்றன. ஆதலால், ஓர் இரகத்தை எங்கு பரிந்துரைக்கலாகாது என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

கொழுக்கட்டைப் புல்லில் இரக உருவாக்கம், பால்வழியில் விதை தரும் ஓர் அரிய செடியை அடையாளம் கண்டதால் இயல்வதாயிற்று. கலப்பின் வீரியத்தை விதையிலேயே நிலைநிறுத்தி, உழவர் தாமே சேமித்துப் பயன்படுத்தத் தக்க இரகத்தை அது வழங்குகிறது. எனினும், இரகத்தின் மதிப்பை உயர்ந்த சராசரி விளைச்சல் மட்டும் தீர்மானிப்பதில்லை. வறட்சி ஆண்டின் விளைச்சல், மேய்ச்சலுக்குப் பின் மீளும் திறன், விதை உற்பத்தி, நோய் எதிர்ப்பு, பரவல் இடர் ஆகியவற்றை ஒருங்கே நோக்கும் மதிப்பீடே கொறங்காடு போன்ற நிலங்களையும் அவற்றை நம்பியுள்ள கால்நடை வளர்ப்பையும் காக்கத் துணைபுரியும்.