பங்குச் சந்தைக்கே பெயர் கொடுத்த சத்திரம்... புரூஜ் நகரம் எழுந்ததும் சரிந்ததும் எப்படி?

பாரிஸில் பங்குச் சந்தையை 'பூர்ஸ்' என்பார்கள். ஜெர்மனியில் 'பெர்ஸே'. இந்தப் பெயர் ஒரு சத்திரத்திலிருந்து வந்ததுன்னு சொன்னா நம்புவீங்களா?

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில், 'வான் டெர் பர்ஸே' என்ற குடும்பம் வியாபாரிகளுக்காக நடத்திய விடுதி அது. குடும்பச் சின்னம் மூன்று பணப்பைகள். ஆமாம், நம்ம பாக்கெட்டில் இருக்கும் 'பர்ஸ்'-க்கும் வேர்ச்சொல் இதேதான்!

கடலோரத்தில் இல்லாத ஊருக்கு கப்பல் எப்படி வந்தது?

புரூஜ் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1134-ல் வீசிய புயலில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வர, 'ஸ்வின்' என்ற நீர்வழி உருவானது. ஊருக்கு அடித்தது யோகம். பெரிய கப்பல்கள் பக்கத்து ஊரான டாமில் நிற்கும்; சரக்கு அங்கிருந்து படகில் கால்வாய் வழியாக வரும்.

இங்கிலாந்திலிருந்து கம்பளி வந்தது. அதை இந்த ஃபிளாண்டர்ஸ் பகுதி நெசவாளர்கள் துணியாக்கினார்கள். 1277-ல் ஜெனோவா கப்பல் ஜிப்ரால்டரைச் சுற்றிக்கொண்டு நேராக இங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு மிளகு, பட்டு, சாயம் ஏற்றத் தேவையான படிகாரம் என எல்லாமே கடல் வழியாக வரத் தொடங்கின. வடக்கிலிருந்து ஜெர்மன் வணிகர்கள் மெழுகும் விலங்குத் தோலும் கொண்டுவந்தார்கள். பாரத்தைத் தூக்க மரத்தாலான கிரேன் ஒன்று இருந்தது. என்ஜின் ஏது அப்போ? ராட்சத சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து நடந்துதான் அதைச் சுற்ற வேண்டும்.

சத்திரக்காரர் என்ன செய்தார்?

விஷயமே இங்கேதான். அவர் ரூம் மட்டும் கொடுக்கவில்லை. சரக்குக்கு குடோன், மொழி தெரியாதவருக்கு பேரம் பேச ஆள், கடனுக்கு ஜாமீன் எல்லாம் அவரே. சத்திரத்தின் முன்னால் இருந்த சதுக்கத்தில் ஜெனோவா, வெனிஸ், ஃபிளாரன்ஸ் வணிகர்கள் கூடி உண்டியலும் நாணயமும் மாற்றினார்கள். 14-ம் நூற்றாண்டில் ஊரின் மக்கள்தொகை 40,000-ஐத் தாண்டியது. அந்தக் கால ஐரோப்பாவுக்கு அது பெரிய நகரம்.

பிறகு ஏன் சரிந்தது?

ஸ்வின்னில் மணல் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனது என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மணல் மெதுவாகத்தான் சேர்ந்தது. ஊர் அதைச் சமாளித்துக்கொண்டும் இருந்தது. பெரிய அடி அரசியலில் விழுந்தது. மகன் சிறுவனாக இருந்ததால் அவனுக்குப் பதிலாக ஆண்ட மாக்சிமிலியனுடன் நகரத்தாருக்குச் சண்டை. 1488-ல் அவரையே பிடித்து மூன்று மாதத்துக்கும் மேல் சிறை வைத்தார்கள். வெளியே வந்தவர் சும்மா இருப்பாரா? வெளிநாட்டு வியாபாரிகளை ஆண்ட்வெர்ப்புக்கு மாறச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன மிளகும் அங்கேயே இறங்கியது.

1531-ல் வணிகர்கள் கூடுவதற்கென்றே ஆண்ட்வெர்ப் ஒரு கட்டடம் எழுப்பியது. அதற்கு வைத்த பெயர், புரூஜ் சத்திரக்காரரின் அதே 'பர்ஸ்'.