கேட்காமல் வந்த கம்பி

கொங்கு மண்டல விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது, மின்கம்பிகளுக்கு அடியில் நின்று டியூப் லைட்டைக் கையில் பிடித்துக் காட்டினார்கள். எந்த இணைப்பும் இல்லாமலே அது எரிந்தது. அதற்குக் கீழேதான் அவர்கள் களை எடுக்க வேண்டும், மாடு மேய்க்க வேண்டும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் மின்சாரம் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதை உட்படப் பல மின்பாதைகள் அந்தப் பகுதித் தோட்டங்களின் மேல் வந்தன. 2018 இறுதியில் போராட்டம் சூடுபிடித்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் காட்டில் எப்படி டவர் போடலாம் என்பதே அவர்களின் முதல் கேள்வி.

பதில் 1885-ல் வெள்ளைக்காரர் போட்ட தந்திச் சட்டத்தில் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி, தந்தித் துறைக்கு இருந்த அதிகாரத்தை அரசு ஒரு மின்பாதை நிறுவனத்துக்கு அளிக்கலாம். அளித்துவிட்டால் நில உரிமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்று 2016-ல் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தப் பட்டா நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று சொல்லும் சட்டம் சுதந்திர நாட்டில் இத்தனை காலம் நீடிப்பது அநியாயம்.

ஆனாலும் அந்தத் தந்திச் சட்டத்திலேயே விவசாயிக்கு ஒரு பிடி உண்டு. அதன் 10-வது பிரிவு நிறுவனத்துக்குத் தருவது பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான். நிலம் உங்களுடையதாகவே இருக்கும். சேதத்தை இயன்றவரை குறைக்க வேண்டும், நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். 164-வது பிரிவு ஆணை இல்லாத நிறுவனம் என்றால் கதையே வேறு. 2006-ல் வந்த விதிகளின்படி உங்கள் சம்மதம் வேண்டும். நீங்கள் மறுத்தால் கலெக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதனால் நிலத்தில் முளைக்குச்சி அடிக்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஆணையின் பேரில் வருகிறீர்கள், நகல் எங்கே என்பதுதான்.

அடுத்தது பணம். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். உங்கள் நிலத்தில் அது 100 மீட்டர் தூரம் ஓடினால், ஓர் ஏக்கருக்கும் அதிகமான இடம் அதன் கீழ் சிக்கிவிடும். சோளம் போடலாம், தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் கம்பி செல்லும் இடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரச் சொன்னது. 2024-ல் அது முறையே 200, 30 சதவீதமாக உயர்ந்தது. போராடியவர்கள் கேட்டது நியாயம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இருந்தும் அந்த மதிப்பு வழிகாட்டி மதிப்பா, ஊரில் உண்மையில் கிரயமாகும் விலையா என்பதில் இழுபறி தீரவில்லை.

மண்ணுக்கு அடியில் கொண்டுபோகக் கூடாதா? புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 320 கிலோவோல்ட் பாதை, கேரளத்துக்குள் ஒரு பகுதியில் புதைவடமாகத்தான் போகிறது. செலவு கூடும், 800 கிலோவோல்ட்டை அப்படிப் புதைப்பது எளிதல்ல என்பதும் உண்மை. ஆனால் எல்லோருக்கும் வரும் மின்சாரத்தின் செலவை ஏன் அந்த நிலத்துக்காரர் மட்டும் சுமக்க வேண்டும்?

வீட்டு மனைக்குள் ஃபைபர் கேபிள் இழுப்பவர்களுக்கு இவ்வளவு அதிகாரம் இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அவர்கள் உரிமையாளரிடம் கேட்டு உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். உடன்பாடு எட்டப்படாதபோது பொதுநலன் கருதி அரசு அனுமதித்தால் மட்டுமே மீறி வரலாம்.

மின்பாதை இழப்பீடு போதவில்லை என்றால் தந்திச் சட்டத்தின் 16-வது பிரிவின் கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். அங்கே பேசப்போவது கையில் உள்ள ஆதாரம்தான். மரம் வெட்டும் முன்பே ஒவ்வொன்றையும் எண்ணிப் படம் எடுத்து, அதன் வயதையும் காய்ப்பையும் குறித்து, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.