மூக்கின் வாசலில் ஒரு காவல்

எனது சாச்சியின் மகள் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் படிக்கிறாள். பன்னிரண்டு வயதில் இங்கிருந்து போனவள். முதல் இரண்டு கோடைகாலமும் அவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வருடம் மே மாதக் கடைசியில் தும்மல் தொடங்கியது. தொடர்ந்து பத்து, பன்னிரண்டு தும்மல். மூக்கால் தண்ணீர் ஓடும், கண் சிவக்கும், அண்ணம் அரிக்கும். "தடிமன்தான், கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு" என்றார் எங்கள் உம்மும்மா. தடிமன் என்றால் ஒரு கிழமையில் போயிருக்கும். இது ஜூலை வரை போகவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஹே ஃபீவர்' என்று பெயர். வைக்கோல் காய்ச்சல் என்று பொருள் வந்தாலும் இதற்குக் காரணம் வைக்கோலும் அல்ல, இதில் காய்ச்சலும் இல்லை. 1819ஆம் ஆண்டு லண்டனில் ஜோன் பொஸ்டொக் என்ற வைத்தியர் தனக்கே இருந்த இந்த நோயை விவரித்தார். ஆனால் கோடை வெப்பமே காரணம் என்று நினைத்தார். உண்மைக் காரணம் புல்லின் மகரந்தம் என்பதை 1873இல் வெளிவந்த நூலில் நிறுவியவர் மன்செஸ்டரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிளாக்லி. பசை தடவிய கண்ணாடித் தட்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, மேலே மிதக்கும் மகரந்தமணிகளைப் பிடித்து எண்ணினார். அவருக்கும் இதே நோய்தான்! தன் மூக்கையே ஆய்வுகூடமாக்கிய மனிதர்.

பூக்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ரோஜா, செவ்வரத்தை போன்றவற்றின் மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது. பூச்சிகள்தான் அதைக் காவிச் செல்லும். தொந்தரவு தருபவை காற்றினால் மகரந்தச்சேர்க்கை நடக்கும் தாவரங்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை மரங்கள், மே நடுப்பகுதி முதல் ஜூலை வரை புற்கள். ஒரு புல் மகரந்தமணியின் விட்டம் ஏறத்தாழ 20 முதல் 40 மைக்குரோமீற்றர். மூக்கின் ஈரமான சீதமென்சவ்வில் படிந்ததும் அதிலிருந்து புரதங்கள் கசிகின்றன. ஒவ்வாமை உள்ளவரின் உடல் அந்தப் புரதத்தை எதிரியாக எண்ணி ஏற்கெனவே பிறபொருளெதிரிகளைத் தயாரித்து வைத்திருக்கும். சில நிமிடங்களில் கலங்களிலிருந்து ஹிஸ்டமின் வெளியாகும். பிறகு தும்மல்தான்.

அந்த வருடம் அவளுடைய ஆண்டிறுதிப் பரீட்சை ஜூனில் வந்தது. வீட்டில் இருந்த பழைய வகைத் தும்மல் குளிசையைச் சாச்சி கொடுத்தார். தும்மல் குறைந்தது, ஆனால் பிள்ளை கணித வினாத்தாளின் மேல் தூங்கி விழுந்தாள். நம் வீடுகளிலும் உம்மாமார் கொடுக்கும் பிரிட்டன் குளிசை இந்த வகையைச் சேர்ந்ததே. தூக்கம் வரவழைப்பது அதன் இயல்பு.

அடுத்த வருடம் அவளுக்குப் பொதுப் பரீட்சை. சாச்சிக்கு அந்தக் கவலையே பெரிதாக இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்ற தைரியத்தில் நான் ஆலோசனை சொன்னேன்: "மூக்குத் துவாரத்தைச் சுற்றி வாஸ்லின் பூசு, மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும்." இரண்டு நாள் கழித்து, "உங்கட வாஸ்லினால ஒரு பிரயோசனமும் இல்ல ராத்தா" என்றாள். விசாரித்தால், தும்மல் தொடங்கிய பிறகுதான் பூசியிருக்கிறாள். கள்வன் உள்ளே போன பிறகு கதவைப் பூட்டியது போலத்தான். எப்போது பூச வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் பிழை.

தடுப்பு என்பதன் கருத்தே முன்கூட்டியது. வெளியே இறங்கும் முன், துவாரத்தின் விளிம்பிலும் சற்று உட்புறமாகவும் மெல்லிதாகப் பூச வேண்டும். ஆழமாகத் தள்ளக்கூடாது, எண்ணெய்த்தன்மையான பொருள் நாளடைவில் சுவாசப்பைக்குள் இறங்கினால் தீங்கு. மூக்கைச் சிந்தினாலோ துடைத்தாலோ காவல் போய்விடும், மீண்டும் பூச வேண்டும். வுழூவுக்கு மூக்கில் தண்ணீர் செலுத்தும் நாம் இதை அதிகம் கவனிக்க வேண்டும்: முதலில் நன்றாகத் துடைத்து எடுத்து, வுழூ முடிந்து வெளியே போகும்போது புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

வாஸ்லின் வாசலில் மட்டும் நிற்கும் காவலாளி. துவாரத்தின் நடுவால் போகும் காற்றை அது தடுக்காது. உள்ளே வேலை செய்வதற்குச் செலுலோசுத் தூள் விசிறி இருக்கிறது. அந்தத் தூள் மூக்கின் ஈரத்தை உறிஞ்சிக் களி போலாகி, சீதமென்சவ்வின் மேல் மெல்லிய படலமாகப் படியும். மகரந்தத்தின் புரதங்கள் அந்தக் களியினூடாக மிக மெதுவாகவே நகர முடியும். அதற்குள் மூக்கின் பிசிர்கள் அனைத்தையும் தொண்டைப் பக்கம் தள்ளிவிட, நாம் விழுங்கிவிடுகிறோம். இதில் தூக்கம் தரும் மருந்து எதுவும் இல்லை.

ஆனாலும் கடுமையான தொல்லைக்கு இது மட்டும் போதாது. அவளுடைய வைத்தியர் ஸ்டீரொயிட் மூக்கு விசிறியொன்றைப் பருவம் தொடங்க முன்னரே ஆரம்பிக்கச் செய்தார்; அது முழுப் பலன் தரச் சில நாட்கள், சில வேளை கிழமைகள்கூட எடுக்கும். தூக்கம் தராத புதிய வகைக் குளிசையும் கொடுத்தார். காவலும் மருந்தும் சேர்ந்தே வேலை செய்தன. சாச்சியும் உடுப்புகளை வெளியில் காயப்போடுவதை நிறுத்தினார். பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும் முகம் கழுவி உடை மாற்றினாள். தும்மல் முற்றாக நிற்கவில்லை. ஆனால் எல்லா வினாத்தாள்களையும் விழித்திருந்து எழுதினாள், அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோர்களுக்கு ஒன்று: இளைப்போ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்து வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். வாஸ்லினை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கை உப்புநீரால் கழுவுபவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய்நீரை நேராக ஏற்றக்கூடாது.

நமது நாட்டில் இப்படியொரு புல் மகரந்தப் பருவம் இல்லை. இங்கே பீனிசம் என்று சொல்லி வருடம் முழுவதும் தும்முபவர்களில் பலருக்குக் காரணம் தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசுப் பூச்சிகள். முக்கியமாக அவற்றின் எச்சம். வருடம் முழுவதும் மூக்கில் காவல் வைக்க முடியாது. ஆகவே உறைகளைக் கிழமைக்கு ஒரு தடவை 60 பாகை சூட்டு நீரில் துவைப்பதே முதல் வேலை. எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. போன தவணை எங்கள் நூலகத்தின் பழைய அலுமாரிகளைத் துப்புரவு செய்யப் போனபோது, முகக்கவசத்துடன் மூக்கில் கொஞ்சம் வாஸ்லினும் பூசிக்கொண்டேன். மூன்றாவது அலுமாரியில்தான் முதல் தும்மல் வந்தது.