மின்கல நிலையம் எங்கே அமைவது?

பகலில் கதிரொளி தரும் மின்னாற்றலை இரவுக்குச் சேமித்து வைப்பன பெரும் மின்கல நிலையங்கள். அவற்றின் தேவை வெள்ளிடைமலை. ஆயின், அவை அமையும் இடத்தை முடிவு செய்வோர் யார்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாஸ் லேண்டிங் என்னும் கடலோரச் சிற்றூரில், 2025 சனவரி 16 அன்று இவ்வினா தீயாய் எழுந்தது. பழைய மின்னாக்க நிலையமொன்றின் சுழலிக் கூடத்தினுள் 300 மெகாவாட் திறனுடைய லித்தியம் மின்கலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கலம் அளவிறந்து வெப்பமுற்றால் அவ்வெப்பம் அடுத்த கலத்தையும் பற்றும்; நீரால் அணைத்தல் அரிது. எனவே அத்தீயை எரிந்து தணிய விட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இல்லம் விட்டு வெளியேற நேர்ந்தது.

உள்ளாட்சியைத் தவிர்த்து மாநில ஆற்றல் ஆணையத்திடமே இசைவு பெற 2022ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிவகுத்திருந்தது. இந்நிலையம் அச்சட்டத்துக்கு முற்பட்டதே. எனினும், இசைவளிக்கும் உரிமை உள்ளூர்க்கே மீள வேண்டுமென்னும் குரல் தீக்குப் பின் சட்டமன்றத்தில் ஒலித்தது.

குடியிருப்புக்கு அப்பால் என்னும் விதி மட்டும் போதாது. ஒரே கூரையின்கீழ் அடுக்காது, திறந்த வெளியில் தனித்தனிப் பெட்டகங்களாய் இடைவெளியுடன் நிறுவினால் தீ பரவுதல் குறையும். தொலைவு, அமைப்பு, உள்ளூர்த் தீயணைப்போர் கருத்து ஆகிய மூன்றும் விதியில் இடம்பெறல் வேண்டும்.

ஒளி அனைவர்க்கும் உரியது. அதற்கென அச்சத்தைச் சுமப்போர் சிலரெனில், அவர்தம் சொல்லும் அவையேறுவதே அறம்.